ஹெப்ரிடீஸ் கடலில் ஒன்பது நாள்

நாள் 1 – டோபர்மோரி

கிளாஸ்கோவிலிருந்து ஓபன் வரை மூன்று மணி நேர ரயில். அங்கிருந்து ஃபெரியில் மல் தீவு, பிறகு பஸ். டோபர்மோரியில் இறங்கியபோது மாலை நான்கு மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. துறைமுகத்தை ஒட்டி மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எதிரே சிலூரியன் கட்டிக் கிடந்தது. 61 அடி நீளப் பாய்மரப் படகு. அடுத்த ஒன்பது நாளுக்கு இதுதான் வீடு.

ஹெப்ரிடீஸ் திமிங்கில, டால்பின் அறக்கட்டளை 1994இல் இந்த ஊரில் தொடங்கியது. 2002இல் இந்தப் படகு அவர்கள் கைக்கு வந்தது. கோடை வந்தால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் தீவு தீவாகப் போய்த் திமிங்கிலம், டால்பின், சுறா எல்லாவற்றையும் கணக்கெடுக்கிறார்கள். ஒரு பயணத்துக்கு ஆறு தன்னார்வலர்கள். சாப்பாடு, டீசல் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம்தான் பணம் கட்ட வேண்டும். நான் நர்ஸ். இரண்டு வருடமாகப் பணத்தையும் லீவையும் சேர்த்து வைத்துத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் இதற்கு வந்தாய் என்று இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரிடமும் கேட்டார்கள். என் முறை வந்தபோது நான் மணப்பாட்டைப் பற்றிச் சொன்னேன்.

2016 ஜனவரி. பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. லீவில் ஊருக்குப் போயிருந்தேன். திருச்செந்தூருக்குத் தெற்கே எங்கள் கரை நெடுக எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. சித்தப்பாவும் ஊர்க்காரர்களும் வள்ளத்தில் கயிறு கட்டி அவற்றை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். விட்ட கொஞ்ச நேரத்தில் திரும்பிக் கரைக்கே வந்தன. நான் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மூச்சுத் துளை திறக்கும், புஸ் என்று காற்று வரும், மூடும். நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த நேரம். கை தானாகவே வாட்சைத் திருப்பியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அப்புறம் அடுத்த மூச்சு வரவில்லை.

1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 ஒதுங்கியதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஏன் வந்தன என்று இரண்டு தடவையும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது அவை எங்கே திரிந்தன, எத்தனை இருந்தன என்ற கணக்கு ஊரில் யாரிடமும் இல்லை. செத்த பிறகுதான் எண்ணினோம். உயிரோடு எண்ணுகிற வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு வந்த ஆசை.

நாள் 2 – மல் நீரிணை, ஆர்ட்நமர்கன்

காலை முழுக்கப் பயிற்சி. வேலை இதுதான். பாய்மரத்தின் அடியில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, தன் பக்கத் தோள் வரை அவரவர் பங்குக் கடல். மூன்றாவது ஆள் கம்ப்யூட்டரில். எதையாவது பார்த்தால் ‘சைட்டிங்’ என்று கத்த வேண்டும். எத்தனை டிகிரியில், எவ்வளவு தூரத்தில், என்ன உயிரினம், எத்தனை, எந்தப் பக்கம் போகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் பதிவு செய்வார். கால் மணிக்கு ஒருமுறை கடலின் நிலையையும் எழுத வேண்டும்: காற்று, அலை, வெளிச்சம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணில் படும் படகுகள், நண்டு பிடிக்கும் கூடுகளின் மிதவைகள், மிதக்கும் குப்பைகூடக் கணக்கில் உண்டு.

தூரத்தைக் கணிப்பதுதான் கஷ்டம். மிதவை ஒன்றைக் காட்டி எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். ஆறு பேரும் ஆறு பதில் சொன்னோம். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்தால் 210 மீட்டர். நான் சொன்னது 400. தரையில் பழகிய கண்ணுக்குத் தண்ணீரில் பிடிமானமே கிடையாது. நாலைந்து முறை அப்படிப் பழகிய பிறகு ஓரளவு பக்கத்தில் வந்தேன்.

மத்தியானம் கிளம்பி வடமேற்காகப் போனோம். ஆர்ட்நமர்கன் முனையின் கலங்கரை விளக்கம் தெரிகிற இடத்தில் என் பக்கத்தில் ஒரு கருப்பு முக்கோணம் ஒரு நொடி எழுந்து முங்கியது. அலையின் நிழலாக இருக்கலாம் என்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை அது எழுந்தது இன்னும் பின்னால், என் எல்லையைத் தாண்டி. சுக்கானில் நின்ற ஸ்கிப்பர்தான் பார்த்துச் சொன்னார், கடற்பன்றி என்று. டால்பினுக்குச் சொந்தமான சின்ன ஜாதி.

விஞ்ஞானிப் பெண் அப்புறம் வந்து பக்கத்தில் நின்றார். என்னைவிட வயதில் சின்னவர். “சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே சொல்லுங்கள், அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சொல்லாமல் விட்டதற்குத்தான் கட்டமே இல்லை,” என்றார். ஆஸ்பத்திரியில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதுதான். பேஷண்ட் முகம் சரியில்லை என்று தோன்றினால் காரணம் தெரியாவிட்டாலும் கூப்பிடு என்போம்.

இரவு மக் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம். பத்தரை மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது.

நாள் 3 – கோல் தீவுக்கு வடக்கே

காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை. ஒன்றும் இல்லை.

காற்று கூடிவிட்டது. கடல் முழுக்க வெள்ளை நுரை. இதில் கடற்பன்றி வந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. பத்து மணிக்கு எனக்கு வாந்தி. சுக்கை வாயில் அடக்கிக்கொண்டு, தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே போய்ப் படுத்தால் இன்னும் மோசமாகும் என்று சித்தப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார். அது சரிதான்.

மத்தியானம் கம்ப்யூட்டரில் உட்காரும் முறை எனது. கால் மணிக்கு ஒரு வரி. கடல்நிலை 4, காட்சி இல்லை. கடல்நிலை 4, காட்சி இல்லை. கடல்நிலை 5. இத்தனை செலவு செய்து வந்து இதையா எழுதுகிறோம் என்று கூட இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருத்தமாகக் கேட்டார். எனக்கு அந்த வருத்தம் வரவில்லை. வார்டில் நைட் டியூட்டியில் நான் எழுதுவதில் முக்கால்வாசி இதுதான். காய்ச்சல் இல்லை, பிரஷர் நார்மல், நன்றாகத் தூங்குகிறார். விடிகாலை நாலு மணிக்கு ஒருவருக்கு உடம்பு மோசமானால் டாக்டர் முதலில் புரட்டுவது அந்த நார்மல் வரிகளைத்தான். எப்போதிலிருந்து மாறியது என்று அவைதான் சொல்லும்.

இங்கேயும் அப்படித்தான். ஓர் இடத்தில் நூறு திமிங்கிலம் பார்த்ததாகச் சொன்னால் அது பெரிய விஷயமா இல்லையா என்பதற்கு, அங்கே எத்தனை மணி நேரம் தேடினோம், மற்ற இடங்களில் எத்தனை மணி நேரம் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பது தெரிய வேண்டும். 2003 முதல் 2017 வரை சிலூரியன் இப்படி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றியது. 2020 டிசம்பரில் இந்தக் கடலின் ஒரு பெரிய பரப்பை மிங்கி திமிங்கிலத்துக்காகவும் பாஸ்கிங் சுறாவுக்காகவும் ஸ்காட்லாந்து அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததற்கு, பல வருடங்கள் சேர்ந்த இந்தப் பதிவுகளும் ஆதாரம். இன்று நான் அடித்த வெறும் வரிகளும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

இரவு என் சமையல். சோறு, பருப்பு, கடுகு தாளித்த கோஸ் பொரியல். சட்டி கொஞ்சமும் மிச்சமில்லாமல் காலி.

நாள் 4 – ரம் தீவைச் சுற்றி

காற்று விழுந்துவிட்டது. கண்ணாடி மாதிரிக் கடல்.

இன்றைக்குக் காதுக்கு வேலை. படகின் பின்னால் 100 மீட்டர் கேபிளில் ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணீருக்குள் வேலை செய்யும் மைக், இழுபட்டுக்கொண்டே வருகிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் முதலில் கேட்பது நம் படகின் சத்தம்தான். அதற்குப் பின்னால் தண்ணீர் உரசும் இரைச்சல். அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும்.

கடற்பன்றியின் சத்தத்தை மட்டும் கேட்கவே முடியாது. அது எழுப்பும் கிளிக் ஒலி கிட்டத்தட்ட 130 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20க்கு மேல் எட்டாது. அதனால் கம்ப்யூட்டர்தான் அதைக் கேட்டு, திரையில் புள்ளிகளாகப் போடும். பதினோரு மணி வாக்கில் திரையின் மேல் ஓரத்தில் புள்ளிகள் ஒன்றிரண்டாக விழ ஆரம்பித்தன. பிறகு கோடாகச் சேர்ந்து, மெல்லச் சரிந்து இறங்கின. படகைத் தாண்டி ஒன்று பின்னால் போகிறது என்று அர்த்தம். மேலே நின்ற இருவரும் எதையும் பார்க்கவில்லை. வெறும் கண்ணை நம்பியிருந்தால் அந்தக் கால் மணியும் ‘காட்சி இல்லை’ என்றே போயிருக்கும்.

பத்து நிமிடத்தில் கண்ணுக்கும் கிடைத்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் மூன்று. ஒன்றரை மீட்டர் நீளம்தான். பள்ளிக்கூடப் பையன் அளவு. டால்பின் மாதிரித் துள்ளாது, படகை நாடி வராது. முதுகு மட்டும் சின்னச் சக்கரம் போல உருண்டு மறைகிறது. ஆனால் அமைதியான கடலில் மூச்சு விடுவது நன்றாகக் கேட்கிறது: ப்ஃப், ப்ஃப். ஐரோப்பாவிலேயே இவை நெருக்கமாக வாழும் கடல்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தில் இதன் பெயரான ‘போர்பஸ்’ லத்தீனின் ‘பன்றி மீன்’ என்பதிலிருந்து வந்ததாம். நம் அகராதிகளிலும் கடற்பன்றி. இரண்டு மூலைகளில் இருப்பவர்கள் ஒன்றையே பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மூச்சைக் கேட்டால் ஏன் என்று தெரியும்.

இந்த ஹைட்ரோஃபோனுக்கு வேறொரு பயனும் உண்டு. இந்தக் கரையில் சால்மன் பண்ணைகள் நிறைய. சீல்களை விரட்டுவதற்காகப் பண்ணைகளில் தண்ணீருக்குள் ஒலி எழுப்பும் கருவிகளை வைத்தார்கள். அந்த ஓசை கடற்பன்றிகளுக்கும் போகும், அவற்றையும் விரட்டும். 2006 முதல் 2016 வரை சிலூரியன் பதிவு செய்து வைத்த ஒலிகளிலிருந்துதான் அது எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை ஆய்வாளர்கள் வரைபடமாகப் போட்டார்கள். அந்தப் பழைய பதிவுகளில் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். மின்சார மணி ஒன்று விடாமல் அடிப்பது மாதிரி இருந்தது. காதால் உலகத்தைப் பார்க்கிற ஒன்றின் பக்கத்தில் இதை வைத்தால் அது எங்கே போகும்?

சாயங்காலம் ரம் தீவுக்கு வெளியே ஷியர்வாட்டர் பறவைகள் ஆயிரக்கணக்கில் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. இருட்டிய பிறகு மலைமேல் உள்ள வளைகளுக்குப் போகுமாம். குளிர்காலத்துக்குத் தென் அமெரிக்கா வரை பறந்து போகிற பறவை. உலகத்திலேயே இவை பெருமளவில் கூடு கட்டும் இடங்களில் ரம் ஒன்று.

நாள் 5 – கன்னா

மிங்கி!

முதலில் பறவைகளைத்தான் பார்த்தேன். கேனட்கள் இறக்கையை மடக்கிக்கொண்டு, எறிந்த ஈட்டி போலச் செங்குத்தாகக் கடலில் விழுந்தன. ஒன்று, பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. கீழே மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரிலும் பறவை விழும் இடத்தைப் பார்த்துத்தான் வள்ளத்தைத் திருப்புவார்கள். என் பக்கம், 40 டிகிரி. கண்ணை அங்கேயே வைத்திருந்தேன்.

தண்ணீர் லேசாகப் புடைத்தது. கூரான மூக்கு ஒன்று சாய்ந்து வெளியே வந்தது, அதன் பின்னாலேயே முதுகு. முதுகு வந்துகொண்டே இருந்தது. கருஞ்சாம்பல் நிறத்தில், ஈரத்தில் மின்னிக்கொண்டு, முடிவில்லாமல் உருண்டது. முக்கால் பங்கு போன பிறகுதான் பின்னால் சரிந்த சின்னத் துடுப்பு எழுந்தது. வால் மேலே வரவேயில்லை. சைட்டிங் என்று கத்தினேன். என் குரல் எனக்கே தெரியவில்லை. 300 மீட்டர், மிங்கி, ஒன்று, நமக்குக் குறுக்கே வடக்காகப் போகிறது. இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை.

இன்ஜினைக் குறைத்துவிட்டு மிதந்தோம். மிங்கி நீளத்தில் எட்டு மீட்டர் வரும். திமிங்கிலங்களில் இது சின்ன ஜாதி. மூச்சின் நீராவிகூடச் சரியாகத் தெரியாது. கோடையில் மணல்மீனும் ஹெர்ரிங்கும் தின்ன இங்கே வருகிறது, குளிர்காலத்தில் போய்விடுகிறது. ஆறு நிமிடம் காணவில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கிப்பர் மூக்கை உறிஞ்சி, “பக்கத்தில்தான் இருக்கிறது,” என்றார். அழுகிய முட்டைக்கோஸ் வாடை காற்றில் வந்தது. அதன் மூச்சின் வாடை.

படகுக்கு அந்தப் பக்கம், முப்பது மீட்டர் இருக்கும், எழுந்தது. தண்ணீருக்குள் அதன் பக்கத் துடுப்பின் வெள்ளைப் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. மூச்சு விட்டது. நீளமான, ஆழமான மூச்சு. ஒன்பது வருடத்துக்கும் முன்னால் என் கையருகே நின்றுபோன மூச்சின் அதே சத்தம். இது நிற்கவில்லை. இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டது. எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒன்றும் கேட்காமல் தோளில் கை வைத்தார்.

துடுப்பைப் படம் எடுத்திருக்கிறோம். துடுப்பில் உள்ள வெட்டும் தழும்பும்தான் அதன் அடையாள அட்டை. பழைய படங்களோடு ஒத்துப்பார்த்தால், இதற்கு முன்பு வந்த ஆளா என்பது தெரியும். கரைக்குப் போன பிறகு அந்த வேலையைச் செய்வார்கள்.

நாள் 6 – கன்னா துறை

மறுபடி காற்று. வெளியே போக முடியாது. கன்னா துறையில் நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம். சிக்னல் கிடைத்ததால் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

“ஏ பிள்ள, அங்கயும் கச்சானா?” என்றார்.

“ஆமா சித்தப்பா. மேற்கேருந்துதான் அடிக்குது. ஒதுங்கிக் கெடக்கோம்.”

“நாங்களும் ரெண்டு நாளா போவல. சரி, என்ன பாத்த?”

சொன்னேன். ஓங்கல் இல்லையா என்று கேட்டார். டால்பினுக்கு எங்கள் பக்கம் ஓங்கல் என்றுதான் பேர். இன்னும் வரவில்லை என்றேன்.

“வரும். காத்து விழுந்த மறுநாளு பாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். “அன்னைக்கு இழுத்து இழுத்து விட்டோமே, அத்தனையும் திரும்பி வந்துச்சே. ஏன்னு அங்க யாருக்காவது தெரியுமா?”

நேற்று இரவு நானும் விஞ்ஞானியிடம் இதையேதான் கேட்டேன். அவர் டோல்ஸ்டாவைப் பற்றிச் சொன்னார். இங்கிருந்து வடக்கே, லூயிஸ் தீவில் உள்ள கடற்கரை. 2023 ஜூலையில் 55 பைலட் திமிங்கிலங்கள் அங்கே ஒதுங்கின. பிழைத்தது ஒன்றே ஒன்று. மறு வருடம் ஜூலையில் ஆர்க்னியின் சாண்டே தீவில் 77. டோல்ஸ்டாவில் ஒதுங்கியவற்றில் ஒரு தாய்க்குப் பிரசவத்தில் கோளாறு ஏற்பட்டிருந்ததற்கான அடையாளம் இருந்தது. வலியோடு அது கரைப்பக்கம் வர, மற்றவை கூடவே வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இந்த ஜாதியில் கூட்டத்துக்குள் பிணைப்பு அவ்வளவு இறுக்கம். ஒன்றை விட்டுவிட்டு மற்றவை போகாது. மணப்பாட்டில் என்ன நடந்தது என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் இழுத்து விட்டவை திரும்பி வந்ததில் ஆச்சரியம் இல்லை என்றார்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அப்போ கரையில கொஞ்சத்தப் போட்டுட்டு, மிச்சத்தத்தான் இழுத்துட்டுப் போயிருக்கோம்,” என்றார்.

“அது யாருக்குத் தெரியும் சித்தப்பா.”

“தெரியாது. தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் ஒண்ணா சேத்து வச்சிருப்போம்.”

நாள் 7 – டைரீ

காற்று குறைந்ததும் விடியற்காலையிலேயே கிளம்பித் தெற்கே வந்தோம். டைரீ தட்டையான தீவு. வெள்ளை மணல்.

லூலூ கிடந்தது இந்தத் தீவின் கரையில்தான். அதுவும் 2016 ஜனவரி. எங்கள் கரையில் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கிய அதே மாதம். அது எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

லூலூ ஓர் ஓர்கா, கொலைத் திமிங்கிலம் என்பார்களே, அது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலேயே வாழ்ந்த ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்ந்த பெண். நண்டுக் கூட்டின் கயிறு சுற்றி இறந்தது. உடலைப் பரிசோதித்தபோது கொழுப்பில் பிசிபி என்ற ரசாயனம் ஒரு கிலோவுக்கு 957 மில்லிகிராம் இருந்தது. உடம்பைப் பாதிக்கத் தொடங்கும் அளவு 9 மில்லிகிராம் என்கிறார்கள். அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். மின்சாரக் கருவிகளிலும் பெயின்ட்டிலும் சேர்த்த பொருள் இது. பிரிட்டனில் 1981இலேயே தடை வந்துவிட்டது. ஆனால் அது அழிவதில்லை. சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, அதிலிருந்து சீலுக்கு, கடைசியில் ஓர்காவின் கொழுப்புக்கு ஏறிக்கொண்டே போகிறது. லூலூவுக்குக் குறைந்தது 20 வயது. ஒரு முறைகூடக் குட்டி ஈன்றதில்லை. கருமுட்டை உருவாகும் உறுப்பு வேலையே செய்திருக்கவில்லை.

அந்தக் கூட்டத்தைக் கவனிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு குட்டியைக்கூட யாரும் பார்த்ததில்லை. சமீப வருடங்களில் கண்ணில் படுவது இரண்டே ஆண்கள், ஜான் கோவும் அக்வேரியஸும். ஜான் கோவின் துடுப்பின் அடியில் பெரிய வெட்டு ஒன்று உண்டு, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். படகில் அவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோருடைய குரலும் தணிந்துவிடுகிறது. வார்டில் சில கட்டில்களைப் பற்றி நாங்கள் அப்படித்தான் பேசுவோம்.

இன்றைக்குப் பார்த்த மிதவைகள் 64. ஆரஞ்சும் வெள்ளையும். ஒவ்வொன்றின் கீழேயும் கயிறு, கயிற்றில் கூடுகள். இந்தக் கடலில் மிங்கிகளின் சாவுக்கு மனிதர்கள் காரணமாகும் வழிகளில் கயிறு சுற்றுவதே பெரியது. கூடுகளுக்கு நடுவே ஓடும் கயிறு தண்ணீரில் வளைவாக மிதப்பதுதான் ஆபத்து. அடியிலேயே படிந்து கிடக்கும் கனமான கயிற்றுக்கு மாற, மீனவர்களே முன்வந்து ஒத்துழைக்கிறார்கள். கயிற்றில் திமிங்கிலம் மாட்டுவதில் மீனவனுக்கும் சந்தோஷம் இல்லை, கூடும் கயிறும் போய்விடும். சித்தப்பா வலையில் ஒருமுறை ஆமை மாட்டிய அன்று அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

நாள் 8 – ட்ரெஷ்னிஷ் தீவுகள்

சித்தப்பா சொன்னது சரிதான். காற்று விழுந்த மறுநாள்.

ஹெட்ஃபோனில் நான் இருந்தேன். ஒன்பது மணி இருபது நிமிடம். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு விசில். மெல்லியதாக ஏறி வளைந்து இறங்கியது. இன்னொன்று. பிறகு எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரிப் படபடவென்று கிளிக்குகள். மேலே இருந்தவர்கள் கத்துவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

காமன் டால்பின்கள். முப்பது, முப்பத்தைந்து இருக்கும். வலப்பக்கமிருந்து துள்ளித் துள்ளி நேராகப் படகை நோக்கி வந்தன. முறை முடிந்ததும் அணியத்தில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். ஆறு டால்பின்கள் அணியம் தள்ளும் தண்ணீரில் வாலை அசைக்காமலே மிதந்து வந்தன. பக்கவாட்டில் மணல்கடிகாரம் மாதிரி மஞ்சளும் சாம்பலும். ஒன்று ஒருக்களித்துத் திரும்பி மேலே பார்த்தது. அதன் கண்ணைச் சுற்றிக் கருப்பு வளையம், அதிலிருந்து மூக்கு வரை ஒரு கோடு. மூச்சுத் துளையிலிருந்து சின்னக் குமிழிகள் சரமாக வெளியேறின. விசிலடிக்கிறது. அந்த விசிலை அதே நேரம் கீழே ஹெட்ஃபோனில் வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடந்த இருபது வருடத்தில் இந்தக் கடலில் இவை கூடியிருக்கின்றன. தெற்கே வெதுவெதுப்பான தண்ணீரில் நிறைய இருக்கும் ஜாதி. கடல் சூடாவது ஒரு காரணமாக இருக்கலாம். குளிர்ந்த நீரை விரும்பும் ஜாதிகள் அப்போது எங்கே போகும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதற்கும் இதே வரிகளைத்தான் வருடக்கணக்கில் எழுத வேண்டும்.

பாஸ்கிங் சுறா கிடைக்கவில்லை. லுங்கா தீவின் புல்தரையில் பஃபின் பறவைகள் நிறைய.

நாள் 9 – டோபர்மோரி, மறுபடி ஃபெரி

கடைசி மூன்று மணி நேரம் மல் நீரிணையில். கடல்நிலை 1. காட்சி இல்லை. நாலரைக்கு ஸ்கிப்பர் போதும் என்றார். ஹைட்ரோஃபோன் கேபிளைக் கையால்தான் இழுக்க வேண்டும். மூன்று பேர் வரிசையாக நின்று 100 மீட்டரையும் இழுத்து, எட்டு வடிவில் சுருட்டினோம். நடுவில் பாசி ஒட்டியிருந்த இடங்களைத் துணியால் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். முனையில் மைக் இருக்கும் குழாய் என் முன்கை நீளம். அதைத் தூக்கி வைக்கும்போது விஞ்ஞானி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாளை மறுநாள் வேறு ஆறு பேர் வருகிறார்கள்.

இதை எழுதுவது ஓபன் போகும் ஃபெரியில். எல்லோரும் உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மேல்தளத்தில் இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழக்கம் விடவில்லை. அணியத்திலிருந்து தோள் வரை, தோளிலிருந்து அணியம் வரை. ஒரு சின்னப் பையன் பக்கத்தில் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டான். சொன்னேன். அவனும் பார்க்க ஆரம்பித்தான்.

கலங்கரை விளக்கைத் தாண்டியதும் அவன்தான் கையை நீட்டினான். 60 டிகிரி, 150 மீட்டர். ஒரு முதுகு உருண்டு மறைந்தது. அதை ஒட்டியபடியே, அதில் பாதி அளவுகூட இல்லாத இன்னொன்று. ஜூலை, கடற்பன்றிகள் குட்டி ஈனும் காலம். யார் வேண்டுமானாலும் பார்த்ததைப் பதிவு செய்ய அறக்கட்டளையின் ‘வேல் டிராக்’ ஆப் போனில் இருக்கிறது. நேரம், இடம், கடல்நிலை போட்டேன். எத்தனை என்ற கட்டம் வந்ததும் அவனிடம் கேட்டேன்.

“ரெண்டு,” என்றான். “ஒண்ணு குட்டி.”